குதிரை இல்லாத கட்டம்

இரண்டு ஊர். வால்கா, வால்கா.
ஒன்று லாட்வியா, மற்றது எஸ்தோனியா.
அவர்கள் எழுத்தில் ஒரு மெய் மாறும்.
நம் எழுத்தில் அதுவும் இல்லை,
ஒரே 'கா' இரண்டு நாட்டுக்கும் போதும்.
நடுவில் ஓர் ஓடை,
காவலர் விட்டுப்போன கம்பம்.

பிப்ரவரி, வியாழக்கிழமை.
எஸ்தோனியப் பக்கத்துப் பள்ளியின் சாப்பாட்டு அறையில்
ஆறு சதுரங்கப் பலகைகள்.
மத்தியானத்து பீட்ரூட் சூப்
இன்னும் மேஜையில் மணக்கிறது.

மூன்றாம் பலகையில் ஸிக்மார்ஸ்,
வெந்நீர்க் குழாய் பழுதுபார்ப்பவர்,
மூன்று இரவு கண்விழித்துப் படித்துவந்தவர்.
ஹெல்வே கறுப்பில் என்ன ஆடுவாள் என்று
அவர் ஊரில் எல்லோருக்கும் தெரியும்:
முதல் நகர்விலேயே குதிரையை அவிழ்த்துவிட்டு
வா, துரத்து என்பாள்.
நடுக்கட்டங்களை எதிரிக்கே தாரைவார்த்து
தூரத்திலிருந்து கல்லெறிகிற ஆட்டம்.
நூறு வயதாகியும்
புதுமை என்றே பேர்.

ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம்.
குதிரை எஃப்6.
சிப்பாய் இன்னும் ஒரு கட்டம்,
குதிரையின் மூக்கடிக்கு.
அவள் கை எழுவதற்குள்
தாளில் அவரே எழுதிவிட்டார்:
குதிரை டி5.
வேறு எங்கே போகும்?

ஹெல்வே குதிரையைத் தூக்கினாள்.
ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற கை,
அவசரமே அறியாத கை.
கொண்டுபோய்
லாயத்திலேயே விட்டாள்.
ஜி8.
கிளம்பிய இடம்.

கறுப்பு இன்னும் வந்தே சேரவில்லை போல் இருந்தது பலகை.
வெள்ளை இரண்டு அடி போயாயிற்று,
மறுபடியும் வெள்ளையின் முறை.
இதற்கு ப்ரூக்ளின் என்று பெயர்.
ப்ரூக்ளினை அவர்கள் இருவருமே பார்த்ததில்லை.

பக்கத்துப் பலகையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.
நடுவர் ஆர்விட்ஸ் குனிந்து தாளைப் பார்த்து
ஆடாததை எழுதக் கூடாது என்றார்.
ஸிக்மார்ஸ் டி5-ஐ அடித்தார்.
காது சிவந்துவிட்டது.

பதினொரு நிமிடம் யோசித்தார்.
மூன்று இரவுப் படிப்பும்
டி5-இல் ஒரு குதிரை நிற்கும் என்கிற
ஒற்றை ஆணியில் அல்லவா மாட்டியிருந்தது.
பழக்கம் யாரை விட்டது?
டி4. அப்புறம் சி4.
சி4 யாரை விரட்ட? அங்கே யாரும் இல்லை.
எஃப்4.
நான்கு சிப்பாய்கள் தோளோடு தோள்
அறுவடை முடிந்த வயலில்
காக்கை ஓட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவள் டி6 ஆடினாள். ஜி6 ஆடினாள்.
எழுந்துபோய்த் தேநீர் ஊற்றினாள்,
சர்க்கரை தேடினாள், கிடைக்கவில்லை, வந்தாள்.
பன்னிரண்டாம் நகர்வில்
அதே குதிரை, ஓரத்து ஹெச்6 வழியாக
இரண்டாம் முறை கிளம்பியது.
எஃப்5-இல் நின்று
சுற்றும் முற்றும் பார்த்தது.

முன்வைத்த காலைப் பின்வைக்காதவன் என்று
சிப்பாயைப் புகழ்வார்கள்.
அவனுக்குப் பின்வைக்க வராது,
அவ்வளவுதான்.
டி4 விழுந்தது. இருபத்தாறில் ஈ5.
ஒரு வளையம் கசிந்தால் வீடே நனையும்;
ஸிக்மார்ஸுக்குத் தொழிலிலேயே தெரிந்த விஷயம்.

கை குலுக்கினார்கள்.
இருவருக்கும் பொதுவாய் மிஞ்சியிருந்த
ஓட்டை ரஷ்ய மொழியில் கேட்டார்:
ஹெல்சிங்கிக்கு வேலைக்குப் போய்
ஒன்பதே நாளில் திரும்பினாயாமே,
அதனால்தான் இந்த ஆட்டமா?

அவள் காய்களைப் பெட்டியில் போட்டபடி
"இது குதிரை" என்றாள்.
"அது பல்வலி.
அங்கே பல் பிடுங்க என்ன விலை தெரியுமா?"

தாளை அவர் எறியவில்லை.
கோட்டுப் பையில் மடித்து, பனியை மிதித்து,
ஓடைப் பாலத்தின் பாதியில்
விளக்கடியில் நின்று பிரித்தார்.
இரண்டாம் வரியில் அடித்த டி5,
பக்கத்தில் ஒண்டிக்கொண்டு ஜி8.
நாற்பத்தோரு நகர்வும்
அவர் ஆடியது அந்தக் கோட்டுக்கு அடியில் நின்றதோடுதான்.
அது இன்னும் அங்கேதான் நிற்கிறது,
பிடரி சிலிர்த்து,
யாரும் தொடாமல்.